கலீலுல்லா பாயின் ஜாவாவும் சுப்பையனின் இடது காலும்

இர்பானாவின் போன் வந்தபோது காலை ஆறே முக்கால். பரமத்தி வேலூரில் தன் கொடிக்காலுக்குள் நின்று சுப்பையன் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். போனை ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். அதை உருவி, பையைப் பிரித்துக் காதில் வைப்பதற்குள் ஒரு தடவை அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது.

“மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க.”

“எந்த அத்தா சாமி?” என்று கேட்டார் சுப்பையன்.

“எனக்கு எத்தனை அத்தா மாமா இருக்காங்க?” என்றாள் இர்பானா. அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒரு சிரிப்பு வந்து போனதைச் சுப்பையன் காதால் கேட்டார். கலீலுல்லா பாய் விடியற்காலைத் தொழுகை முடித்து வந்து, நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காப்பி கேட்டிருக்கிறார். அவள் காப்பியோடு வந்தபோது கேட்டவர் இல்லை. மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

கிள்ளிய வெற்றிலையை அடுக்கக்கூட நிற்காமல் மனைவி வசந்தாமணியிடம் கூடையோடு கொடுத்துவிட்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. துக்கத்துக்குப் போகிற மனிதர் துக்கமாகத்தான் உட்கார்ந்திருக்க நினைத்தார். ஆனால் நாமக்கல் வருவதற்குள் மூன்று முறை சிரித்துவிட்டார். பக்கத்து ஆள் சற்று நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். என்ன செய்வது, கலீலுல்லா பாயை நினைத்தால் சிரிப்பு வந்துவிடும். செத்த அன்றைக்காவது விடுவார் என்று பார்த்தால், விடவில்லை.

கலீலுல்லாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தார்ப்பாய்க் கடை. வீடு கோட்டையில். பி.காம். படித்தவர். பேங்க் பரீட்சை எழுதப் போன அன்று நல்ல மழையாம். வழியில் ஒரு பருத்தி லாரி நனைவதைப் பார்த்திருக்கிறார். மனசு கேட்காமல் இறங்கித் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போவதற்குள் பரீட்சை மணி அடித்துவிட்டது. “அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, நமக்கு எது உத்தியோகம்னு” என்பார். கதை உண்மையா என்று யாருக்கும் தெரியாது. “அன்னைக்கு மழையே பெய்யல” என்று அவர் மனைவி அஜீஸா கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் ஒரு ஜாவா இருந்தது. கறுஞ்சிவப்பு நிறம், மினுமினுக்கும் டேங்க். அஜீஸா அதற்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி. “பெருநாளைக்கு எனக்குச் சேலை எடுக்கிற அன்னைக்கே சக்களத்திக்கு சீட்டு உறை எடுத்துருவாரு. அவளுக்கு எடுத்ததுதான் நல்லா இருக்கும்” என்று வந்தவர்களிடமெல்லாம் முறையிடுவார். ஆனால் மழை வந்தால் முதலில் ஓடிப்போய் வண்டியை மூடுகிறவரும் அவர்தான்.

அஜீஸா போன பிறகு வீட்டில் இரண்டு பேர்: பாயும், கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கும் மகள் இர்பானாவும். அத்தாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி, அறுபத்தாறு வயது. வண்டியை விற்றுவிடலாம் என்றாள் மகள். ஈரோட்டில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முடியாது என்றார் அத்தா. இருவரும் நாலு நாள் பேசாமல் இருந்து, ஐந்தாம் நாள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அத்தா ஒரே ஒரு தூரப் பயணம் போய் வரலாம். தனியாகப் போகக் கூடாது. போன வண்டி சொந்தச் சக்கரத்தில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் விற்கிற பேச்சே இல்லை. வேனில் ஏறி வந்தால், அந்த வேனிலிருந்து இறக்காமலே ஈரோட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

சொந்தச் சக்கரத்தைப் பற்றிப் பாய்க்குக் கவலை இல்லை. ‘தனியாகப் போகக் கூடாது’ என்பதில்தான் சிக்கிக்கொண்டார். பழைய கூட்டாளிகளில் ஒருவருக்கு இடுப்பு எலும்பு மாற்றியிருந்தது. ஒருவர் பேரனைப் பார்க்கத் துபாய்க்குப் போனவர் வரவே இல்லை. பழைய வண்டியும் வைத்திருந்து, ஐந்து நாள் சும்மாவும் இருக்கிற ஆட்களுக்கு எங்கே போவது?

இதெல்லாம் சுப்பையனுக்குப் பின்னால் தெரிந்த சங்கதி. அவருக்குத் தெரிந்தபடி நடந்தது இவ்வளவுதான்: வெல்லக் கொட்டகைக்கு ஒரு தார்ப்பாய் வேண்டியிருந்தது. கடைக்குப் போன் போட்டார். நீள அகலம் பேசி முடித்த பிறகும் பாய் போனை வைக்கவில்லை.

“நீங்க என்ன வண்டி வெச்சிருக்கீங்க?”

“ராஜ்தூத்துங்க. எங்கய்யன் வாங்குனது. வெத்தலக் கூடை கட்டறதுக்குத் தோதா இருக்குதுங்க.”

“அல்லாவே! ராஜ்தூத்தா? நாங்க ஒரு குழுவாத் தனுஷ்கோடி போறோம். ஒரு ராஜ்தூத் இல்லாமக் குழுவே மூளியாக் கெடக்கு.”

“அப்படிங்களா? நல்லதுங்க, பத்தரமாப் போயிட்டு வாங்க. செரிங்க பாய், வாரேனுங்க” என்று சொல்லிப் போனை வைத்தார் சுப்பையன்.

அடுத்த வாரம் லாரியில் தார்ப்பாய் வந்தது. கட்டைப் பிரித்தால் உள்ளே ஒரு மஞ்சள் பனியன். முன்பக்கம் ‘பழைய வண்டிக் குழு, சேலம் – தனுஷ்கோடி’. பின்பக்கம் முதுகு அகலத்துக்கு ‘சுப்பையன் – ராஜ்தூத்’.

“நா எப்ப அம்மிணி வாரேன்னு சொன்னேன்?” என்று திகைத்தார் சுப்பையன்.

வசந்தாமணி பனியனை விரித்துப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “போனை வெக்கறப்ப யாருகிட்டத்தானுங்க நீங்க வாரேன்னு சொல்லல? கரண்டு ஆபீசுக்காரருகிட்டக் கூட வாரேனுங்கன்னுதான் வெச்சீங்க. அவுரு பனியன் அடிக்கல, அவ்வளவுதானுங்க.”

மறுத்துச் சொல்லிவிடுவது என்று போன் போட்டார். எடுத்தவுடன் பாய், “சொல்லுங்க மாப்ளே!” என்றார். மாப்ளே என்று ஒரு மனிதர் வாய் நிறையக் கூப்பிட்ட பிறகு முறைத்துக்கொண்டு பேச முடியுமா?

“பனியன் அளவு சரியா இருக்கா மாப்ளே?”

“அளவெல்லாம் செரியாத்தானுங்க இருக்குது. ஆனா பாருங்க—”

“அப்புறம் என்ன? புதன்கெழமை காலைல காவேரிப் பாலத்துகிட்ட நில்லுங்க. நாங்க வந்து கூட்டிக்கிறோம்.”

சுப்பையன் மறுக்கத்தான் வாயைத் திறந்தார். வாய் பழக்கத்தில் ஓடியது. “செரிங்க பாய், வாரேனுங்க.”

புதன்கிழமை பாலத்தருகே சேலத்துப் பக்கமிருந்து மூன்று வண்டிகள் வந்தன. முன்னால் ஜாவாவில் பாய், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து. அடுத்து புல்லட்டில் குணசீலன். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் லாரி வைத்திருப்பவர். எதைப் பேசினாலும் அடிக்கணக்கு வந்துவிடும். கடைசியாக நவீன்குமார், மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை, முப்பது வயது, தாத்தாவின் லாம்ப்ரட்டா.

“ஸ்கூட்டரைக் கணக்குல சேத்தலாமுங்களா பாய்?” என்று குணசீலன் கரூர் வரும் வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

“ரெண்டு சக்கரம் இருக்கு, மூணு தடவை நின்னு போச்சு. இது பழைய வண்டி இல்லாம வேற என்ன?” என்றார் பாய்.

நாற்பதுக்கு மேல் போகாத பயணம். ஆனாலும் பாயோடு போவது லேசான காரியமில்லை. ரோட்டில் போகிற எந்த லாரியையும் அவர் சும்மா விடமாட்டார். தார்ப்பாயைப் பார்த்தே, “இது நம்ம கடை”, “இது சங்ககிரி ஆளு”, “இவன் தைச்சவன் கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சிருக்கான்” என்று சொல்லிக்கொண்டே வருவார். கரூர் தாண்டியதும் ஒரு முட்டை லாரி அவர்களை முந்திப் போனது. பின்மூலைக் கயிறு அவிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது. பாய் பொறுக்கவில்லை. ஜாவாவை முறுக்கினார். லாரி எழுபதில் போயிற்று, ஜாவா ஐம்பத்திரண்டில் கத்தியது. மற்ற மூன்று பேருக்கும் புகை மட்டும்தான் தெரிந்தது. டோல்கேட்டில் போய்ப் பார்த்தால், வரிசையில் நின்ற லாரியின் பின்னால் பாய் ஏறி நின்று மூலைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருக்கிறார். பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன. டிரைவர் இறங்கி வந்து, “யோவ் பெரியவரே, யாருய்யா நீ?” என்றான்.

“தம்பி, இந்த முடிச்சு யாரு போட்டது?”

“நான்தான்.”

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்ல.”

“ஆகட்டும். அந்த முடிச்சையாவது ஒழுங்காப் போடு” என்று சொல்லி இறங்கினார்.

அரவக்குறிச்சிக்கு அருகில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். அங்கேதான் பூனை வெளியே வந்தது. சுப்பையன் மெதுவாக, “ஏனுங்க குணசீலன், நீங்க பாய்க்கு எந்த வழியில பழக்கமுங்க?” என்று கேட்டார்.

“பழக்கமெல்லாம் இல்லீங்க. ரிக் வண்டிக்குக் கயிறு வேணும்னு போன் போட்டனுங்க. ஆழம் எத்தனை அடி, கல்லு எத்தனை அடீன்னு பேசிட்டே இருந்தாரு. கடைசீல வாரேனுங்கன்னு சொல்லி வெச்சேன். பனியன் வந்துருச்சுங்க.”

சுப்பையனின் டம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. “உங்களுக்குமா?”

“அண்ணா, எனக்கு அதுகூட இல்லீங்க” என்றான் நவீன்குமார். “என்னுது ராங் நம்பர்! கேஸ் சிலிண்டருக்குப் போட்டேன். இவரு எடுத்தாரு. சிலிண்டர் வரலையான்னு அவ்வளவு அக்கறையா விசாரிச்சாருங்க. அப்புறம் வீட்ல என்ன வண்டி இருக்குன்னாரு. தாத்தாவோட லாம்ப்ரட்டா ஒண்ணு கோழி அடையறதுக்குக் கெடக்குதுன்னேன். சரிங்க சார், வரேங்கன்னு வெச்சேன்.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பாயைப் பார்த்தார்கள். பாய் பன்னை டீயில் நனைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார்.

“என்னை ஏன் பாக்கறீங்க? நம்ம ஊர்ல யாராச்சும் போறேன்னு சொல்லிட்டுப் போனை வெக்கிறாங்களா? வாரேன்னீங்க. வார்த்தை ஒங்களுது. பனியன் மட்டுந்தான் என்னுது.” பிறகு பன்னைக் கீழே வைத்துவிட்டு, மகள் போட்ட நிபந்தனையை முதன்முறையாக அவர்களுக்குச் சொன்னார். “இந்தச் சக்களத்தியும் போயிட்டா வீட்ல நான் யாரோட மாப்ளே சண்டை போடறது?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. டீக்காசை யார் கொடுப்பது என்ற இழுபறியில் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தம் அதிகமாக இருந்தது.

அன்றிலிருந்து ஜாவா பாயின் வண்டியாக இல்லாமல் நாலு பேரின் வண்டி ஆகிவிட்டது. நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஒருவர் செயினைப் பார்ப்பார், ஒருவர் டயரை அமுக்குவார். வியாழன் மாலை தனுஷ்கோடியில் ரோடு முடிகிற இடத்தில், இரண்டு பக்கமும் கடல் கிடக்க, வண்டிமேல் உட்கார்ந்து பாய் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினார். ‘இன்னும் பாதி வழி இருக்கு அத்தா’ என்று பதில் வந்தது. “அவங்கம்மா மாதிரியே” என்று பாய் பெருமைப்பட்டார்.

வெள்ளி ஜும்ஆவை ராமநாதபுரத்தில் தொழுதுவிட்டு, ராத்தங்கல் திண்டுக்கல் லாட்ஜில். சனிக்கிழமை காலை கிளம்பி, ஊருக்கு வெளியே பெட்ரோல் போட்டார்கள். ஜாவாவுக்குப் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். பாய் கைகால் கழுவப் போயிருந்தார். தனக்கென்று ஒரு வேலை கிடைக்காதா என்று மூன்று நாளாகத் தவித்துக்கொண்டிருந்த சுப்பையன், தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்து, பச்சை நிறத்தில் கொழகொழவென்று இருந்ததை அளவு பார்த்து ஜாவாவின் டேங்கில் ஊற்றி, மூடி போட்டு, வண்டியை நன்றாகக் குலுக்கியும் விட்டார்.

அரவக்குறிச்சி வரை ஒன்றும் இல்லை. அதற்கு மேல், பின்னால் வந்த குணசீலன் மூக்கை உறிஞ்சினார். “பக்கத்துல யாராச்சும் பொம்பளையாளு தல சீவறாங்களாட்ட இருக்குதுங்களே.” ரோட்டோரம் கள்ளிச்செடியைத் தவிர யாரும் இல்லை. கரூர் தாண்டியபோது ஜாவாவின் புகையில் கரிசலாங்கண்ணி வாசம் கமகமவென்று வந்தது. காவேரிப் பாலம் வருவதற்கு முன்பே ‘க்ரீச்’ என்று ஒரு சத்தம். பிஸ்டன் பிடித்துக்கொண்டது. வண்டி நின்றுவிட்டது.

பாய் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பிறகு சுப்பையனைப் பார்த்தார். சுப்பையன் பையைத் துழாவினார். பையில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில் இருந்திருக்க வேண்டும்: ஒன்று குணசீலன் கொடுத்த வண்டி ஆயில், இன்னொன்று, ‘வெயில்ல அலையறீங்க, ராத்திரிக்கு உச்சியில ரெண்டு சொட்டு வெய்யுங்க’ என்று வசந்தாமணி காய்ச்சிக் கொடுத்த தலைத் தைலம். மிச்சம் இருந்த பாட்டிலைத் திறந்து மோந்தார். வண்டி ஆயில்.

“அப்பறம் ராத்திரி லாட்ஜுல கரண்டு போனப்ப நா தலைக்கு வெச்சது?” என்று தனக்குத்தானே கேட்டார். கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று. “அதுதானுங்களா, விடிய விடியத் தல எரிஞ்சுது!”

யாரும் சிரிக்கத் துணியவில்லை. சுப்பையனின் முகம் அப்படி இருந்தது. நாலு பேரின் வண்டியை நாசம் செய்தவர் அவர். அதிலும் அது வேனில் ஏறினால் ஈரோட்டுக்குப் போய்விடும். “பாய், நா பண்ணுனது மன்னிக்கற காரியமில்லீங்க” என்று ஆரம்பித்தார்.

பாய் வானத்தைப் பார்த்தார். “மாப்ளே, இன்னைக்கு என்ன கெழமை?”

“சனிக்கெழமைங்க.”

“ஆம்பளைங்க எண்ணெ தேச்சுக் குளிக்கிற நாள்தானே? என்ன, இவ பொம்பளையாச்சே. அதான் ஒத்துக்கல.”

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். சுப்பையனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“ஒரு டாடா ஏஸ் சொன்னா அரை மணி நேரத்துல வந்துருமுங்க” என்றான் நவீன்குமார். கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல் மூவரும் அவனைப் பார்த்தார்கள். குணசீலன் கயிறு கட்டி இழுக்கலாம் என்றார். பாய் தலையசைத்தார். “நாப்பது வருஷமாக் கயிறு விக்கறேன். கயிறு கட்டி இழுத்தா அது சரக்கு. சரக்கு வேற, வண்டி வேற.”

“அப்ப கால் குடுக்கறனுங்க” என்றார் சுப்பையன்.

பெட்ரோல் தீர்ந்த வண்டியைக் கூட்டாளி தன் வண்டியிலிருந்து காலை நீட்டித் தள்ளிக்கொண்டு போவதை எந்த ரோட்டிலும் பார்க்கலாம். ஆனால் அது பெட்ரோல் பங்க் வரைக்கும். சேலம் வரைக்கும் யாரும் கால் கொடுத்ததில்லை. ஜாவாவின் கியரை விடுவித்துப் பாய் ஏறி உட்கார்ந்தார். சுப்பையன் ராஜ்தூத்தை உதைத்து, பக்கத்தில் வந்து, இடது காலை நீட்டினார். நீட்டியவர் சட்டென்று மடக்கிக்கொண்டார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுகிற பொருள். அதை மிதிப்பதா? அதிலும் இடது காலாலா? இறங்கி ஜாவாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி ஏறிக் காலை வைத்தார்.

“மாப்ளே, இப்படி எத்தனை தடவை எறங்கிக் கும்புடப் போறீங்க?”

“காலு நழுவுற தடவையெல்லாமுங்க.”

அன்று வேலூர் வரைக்கும்தான் முடிந்தது. ராத்திரி நாலு பேரும் சுப்பையன் வீட்டில் தங்கினார்கள். நடந்ததைக் கேட்ட வசந்தாமணி முதலில் சொன்னது, “அந்தத் தைலம் காச்ச எனக்கு ரெண்டு நாளு ஆச்சு, ஒரு சொட்டுக்கூடத் தலைக்கு வெக்கலீங்களா?” என்பதுதான். பிறகு சுப்பையனின் இடுப்புக்கும் இடது தொடைக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். பாய் கட்டிலில் படுத்துக்கொண்டு, “தங்கச்சி, அந்தக் காலைப் பத்தரமாப் பாத்துக்கம்மா. நாளைக்கு அதுதான் எனக்கு எஞ்சின்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ரோட்டில் போனால் போலீஸ் பிடிக்கும் என்று ராசிபுரம் போய், வெண்ணந்தூர் வழியாக ஊருக்குள்ளேயே போனார்கள். கால் மரத்துப்போகும்போது குணசீலன் கொஞ்ச தூரம் தள்ளுவதாகச் சொன்னார். சுப்பையன் விடவில்லை. வெண்ணந்தூரில் தறிச்சத்தத்துக்கு நடுவே இந்த ஊர்வலத்தைப் பார்த்த ஒரு கிழவி, பாவு நூலைப் போட்டுவிட்டு ரோட்டுக்கே வந்துவிட்டாள். “ஏஞ்சாமி, அந்தப் பெரியவர எதுக்கு ஒதச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போற? என்ன தப்பு பண்ணுனாரு?”

“நான் ஒண்ணும் பண்ணலம்மா! தப்புப் பண்ணது ஒதைக்கிறவருதான்!” என்று கத்திக்கொண்டே பாய் கடந்து போனார்.

கோட்டைக்குள் நுழைகிற சந்தில் திட்டம் போட்டார்கள். புல்லட்டும் லாம்ப்ரட்டாவும் இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு சத்தம் கொடுக்கும். சுப்பையன் கடைசியாக ஓங்கி ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் காலை எடுத்துவிடுவார். ஜாவா தானாக உருண்டு வீட்டு வாசலில் போய் நிற்கும். எல்லாம் சரி, அந்தச் சந்து கொஞ்சம் மேடு என்பதைச் சொந்த ஊர்க்காரரான பாயே மறந்துவிட்டார். வாசலுக்குப் பத்தடி முன்னால் ஜாவா தயங்கியது. வாசலில் இர்பானா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாய் மகளைப் பார்த்து ராஜா போலக் கையசைத்தார். வண்டி பின்னோக்கி நகரத் தொடங்கியது. சுப்பையனின் இடது கால், யாரும் சொல்லாமலே, தானாக நீண்டு வந்து ஜாவாவைத் தாங்கிப் பிடித்தது.

“அத்தா,” என்றாள் இர்பானா, “போகும்போது இந்த வண்டிக்கு இத்தனை கால் இல்லையே?”

எல்லா வண்டியும் அணைந்தது. ஜாவாவின் டேங்கிலிருந்து இன்னும் கரிசலாங்கண்ணி வாசம். சுப்பையன் இறங்கினார், இடது கால் ஊன்ற மறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாட்டில் மாறிய கதையை ஒரு வரி விடாமல் சொன்னார். தப்பு முழுவதும் தன்னுடையது, பாயைத் தண்டிக்கக் கூடாது என்றார். இர்பானா கேட்டுக்கொண்டாள். பரீட்சைத் தாள் திருத்துகிறவள் விடையைப் படிப்பதுபோல ஜாவாவைச் சுற்றி வந்தாள். சக்கரத்தைப் பார்த்தாள்; வழியெல்லாம் ஒட்டிய சேறு. சுப்பையனின் காலைப் பார்த்தாள்.

“விடை தப்புத்தான் அத்தா. ஆனா வழிமுறைக்கு மார்க் உண்டு” என்றாள். “வேன்ல ஏறல, அதனால இப்போதைக்கு விக்கல. ஆனா சாவி எங்கிட்டதான். வண்டியை ஓடவெச்சுக் காட்டுங்க, அன்னைக்கு சாவியத் தரேன். அதுக்கப்புறம் ஈரோட்டுப் பேச்சையே எடுக்க மாட்டேன்.” பிறகு சுப்பையனிடம் திரும்பினாள். “உள்ள வந்து உக்காருங்க மாமா. காலைத் தூக்கி மேல வெச்சுக்குங்க.”

அந்த வாரத்திலிருந்து சுப்பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் சேலம் பஸ். கையில் ஒரு கட்டு வெற்றிலை. நடையில் சாக்கு விரித்து இரண்டு பேரும் எஞ்சினைப் பிரித்தார்கள். ஒரு நாள் கழற்றியதை மறுவாரம் எது எங்கே இருந்தது என்று சண்டை போட்டார்கள். பிஸ்டனை லேத்துக்காரரிடம் கொடுத்து வாங்கவே ஒரு மாதம் ஓடிவிட்டது. இரண்டு பேருக்கும் வண்டி வேலை அரைகுறைதான்.

“மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டியாந்தா மூணு நாள்ல முடிஞ்சுருமுங்க பாய்” என்று ஒருமுறை சுப்பையன் சொன்னார்.

“முடிஞ்சுரும். அப்புறம் நாலாவது நாள் நீங்க எதுக்கு வருவீங்க?” என்றார் பாய், ஸ்பேனரைத் தேடிக்கொண்டே. அந்த ஸ்பேனர் அவர் மடியில்தான் இருந்தது.

பாயின் அடக்கத்துக்குக் கிளம்பிய பஸ் சேலத்தில் நின்றபோது பக்கத்து ஆள், “ஏனுங்க, எதாச்சும் விசேஷத்துக்குப் போறீங்களா?” என்று கேட்டார். சுப்பையன் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் இறங்கினார். கோட்டையில் வாசல் நிறையச் செருப்பு. லாரிக்காரர்கள் தெருமுனை வரை நின்றார்கள். குணசீலன் முன்பே வந்திருந்தார். நவீன்குமார் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தான். கபர்ஸ்தானில் முறை வந்தபோது சுப்பையனும் மூன்று கை மண் போட்டார். குழியின் ஆழம் எத்தனை அடி என்று குணசீலன் அன்று சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு இர்பானா நடைக்கு வந்தாள். ஜாவா அங்கேதான் நின்றது. அவள் முந்தானை முனையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துச் சுப்பையனிடம் நீட்டினாள். “இந்த வாரம் ஓடிரும்னு சொல்லிட்டிருந்தாங்க மாமா.”

“ஓடியிருக்கும் சாமி” என்றார் சுப்பையன். “இது ஓடாம நா எப்படி வாங்குவேன்? உங்கிட்டயே இருக்கட்டும்.” அவள் மறுபடி முடிந்துகொண்டாள்.

ஓடியிருக்கும் என்று அவர் சொன்னது பொய் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமையே பிஸ்டன் ஏற்றி, ஹெட்டை மூடி, செயின் மாட்டி, ஆயில் கலந்த பெட்ரோலும் வாங்கி வைத்தாகிவிட்டது. வேலை முடிகிற நேரத்தில் இர்பானா சாப்பிடக் கூப்பிட்டாள்; சாப்பிட்ட பிறகு பேச்சு வளர்ந்து பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. டேங்கிலிருந்து கார்பரேட்டருக்குப் போகிற ரப்பர் ட்யூப்பை மாட்டுகிற ஐந்து நிமிட வேலை மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கென்று மிச்சம் இருந்தது.